உன் அம்மாவுக்கு நான் அடித்த மருந்து

அன்புள்ள சேகருக்கு,

இரண்டு பஸ் ஏறினால் வந்துவிடுகிற தூரத்தில் இருக்கும் மகனுக்கு ஒரு அப்பன் கடிதம் எழுதுகிறான் என்றால், ஒன்று அவனுக்குக் கால் விழுந்திருக்க வேண்டும், இல்லை நேரில் சொல்ல வாய் வரவில்லை என்று அர்த்தம். என் கால் நன்றாகத்தான் இருக்கிறது. இன்று காலைகூட லாலாகுடா கேட் வரை நடந்து போய்ப் பால் வாங்கி வந்தேன். இந்த விஷயம் ஆம்பிளைகள் உட்கார்ந்து பேசுகிற விஷயம் இல்லை என்றே எழுபத்துநாலு வயது வரைக்கும் நினைத்துக்கொண்டு இருந்துவிட்டேன். பேசாமல் இருந்ததில் என்ன கெட்டது என்று எனக்குத் தெரியும், உனக்குத் தெரியாது. அதனால் எழுதுகிறேன். என்னோடு வேலை பார்த்த அப்பாராவ் நாளைக்கு அவர் மகளைப் பார்க்க ராமச்சந்திரபுரம் பக்கம் வருகிறார். அவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். முழுசாகப் படி. பாதியில் மடித்து வைத்துவிட்டு டியூட்டிக்குப் போகாதே.

ஞாயிற்றுக்கிழமை நீ வந்தாய். வந்தவன் உட்காரக்கூட இல்லை. "நைனா, வசந்தா இங்க வந்து பத்து நாளாச்சு. அவளுக்கு ஒடம்புல ஒண்ணுமில்ல, எல்லாம் மனசுல. வியாழக்கிழமைக்கு மனநோய் டாக்டர்கிட்ட நேரம் வாங்கி வெச்சிருக்கேன். நீங்க புத்தி சொல்லி அனுப்புங்க, உங்க பேச்சக் கேப்பா" என்றாய். நான் "ஹவ், ஹவ்" என்று தலையாட்டினேன். ஐதராபாத்துக்கு வந்த நாளாய் நாக்கில் ஒட்டிக்கொண்ட சொல், யோசிப்பதற்கு முன்னால் வந்து விழுந்துவிடுகிறது. உள்ளே கீரை ஆய்ந்துகொண்டிருந்த வசந்தா காதில் அது விழும் என்று எனக்குத் தோன்றவில்லை. சாயங்காலம் பார்த்தால் பையை எடுத்து வைத்துக்கொண்டு புடவைகளை மடிக்கிறாள். எங்கேம்மா என்றேன். "வியாழக்கிழமை போகணுமே மாமா. நீங்களே சரின்னுட்டீங்க. அவர் சொன்னப்ப நான் நம்பல. நீங்களும் சொன்னா, அப்ப எனக்கு நெஜமாவே புத்தி பிசகிடுச்சுதானே?" என்றாள். அழவில்லை, கோபமும் இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கிற குரலில் கேட்டாள். இதே குரலை நம் வீட்டுப் பொம்பளை ஒருத்தியிடம் ஏற்கெனவே ஒரு தரம் கேட்டிருக்கிறேன்.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் நடந்தது. உனக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம், நீயும் வசந்தாவும் உங்கள் பேக்டரி குவார்ட்டர்ஸுக்குப் போய்விட்டீர்கள். நானும் உன் அம்மாவும் ரயில்வே குவார்ட்டர்ஸில் தனியாக இருந்தோம். அவளுக்கு அப்போது நாற்பத்தேழு. மாதாந்திரம் தாறுமாறாகி, கடைசியில் நின்றே போயிருந்தது. இதை இப்போது எழுதுகிறேனே தவிர அப்போது எனக்கு அது தெரியாது. அவள் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. ஒரே வீட்டில் முப்பது வருஷம் இருந்தும் அந்தக் கணக்கு எனக்குச் சம்பந்தமில்லாதது என்று இருந்தேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் அவள் சொறிந்துகொண்டே இருக்கிறாள் என்பதுதான். முழங்காலுக்குக் கீழே தோல் வெள்ளை வெள்ளையாக உரிந்தது. குளித்துவிட்டு வந்து புடவையை இழுத்துவிட்டுக்கொண்டு கை, முதுகு என்று தேய்த்தாள். ஒருநாள் காப்பி கொடுக்கும்போது, "ஏங்க, மேல என்னமோ ஊருதுங்க. எறும்பு மாதிரி. பாத்தா ஒண்ணும் இல்ல, ஆனா ஊருது" என்றாள்.

நான் எங்கே வேலை பார்த்தேன் என்று உனக்குத் தெரியும். ஒர்க்ஷாப்பில் ரயில்பெட்டி சீட்டுகளைப் பிரித்துத் தைக்கிற செக்ஷன். ஊர் ஊராகச் சுற்றிவிட்டு வரும் பெட்டியில் சீட்டைக் கிழித்தால் நாருக்குள்ளே மூட்டைப்பூச்சி குடித்தனம் நடத்தும். அதற்கென்று மருந்தடிக்க ஒரு கேங்கே உண்டு. ஊருது என்ற சொல்லைக் கேட்டதும் என் புத்தி வேறு எங்கே போகும்? மூட்டைப்பூச்சி என்று முடிவு கட்டினேன். லீவு போட்டுவிட்டு இரண்டு கட்டிலையும் தூக்கிக் குவார்ட்டர்ஸ் நடுவில் வெயிலில் போட்டேன். கயிற்றை அவிழ்த்து, சந்துபொந்தில் எல்லாம் கொதிக்கிற தண்ணீரை ஊற்றினேன். கண்ணில் ஒரு பூச்சி படவில்லை. எனக்கு வீம்பு வந்துவிட்டது. மறுநாள் கேங்கில் இருந்தவனிடம் கேட்டு, பெட்டிக்கு அடிக்கிற அதே மருந்தை ஒரு டப்பாவில் வாங்கி வந்து, மெத்தை, தலையணை, அவள் புடவை மடித்து வைக்கிற பெட்டி வரைக்கும் அடித்தேன். வீடு பூரா அந்த நாற்றம். அக்கம்பக்கத்தில் நம் வீட்டில் பூச்சி என்று பேச்சாகிவிட்டது. எதிர்வீட்டுக்காரி குவார்ட்டர்ஸ் மாதர் சங்கத்துக்கு வந்தால் உன் அம்மா பக்கத்தில் உட்காரமாட்டாள். நின்றுகொண்டே பேசிவிட்டுப் போவாள்.

மருந்து அடித்த படுக்கையில் படுத்தால் ஏற்கெனவே காய்ந்து கிடக்கிற தோல் என்ன ஆகும்? கை இரண்டும் சிவந்து தடித்துப் போயின. அதற்கு நான் ஒர்க்ஷாப்பில் எண்ணெய்க் கறை போகக் கொடுக்கிற சிவப்பு சோப்பைக் கொண்டுவந்து கொடுத்து, "இதப் போட்டு நல்லாத் தேய்ச்சுக் குளி, எல்லாம் சாவும்" என்றேன். அவளும் ஒரு நாளைக்கு இரண்டு வேளை சுடச்சுடத் தண்ணீர் விட்டுக்கொண்டு, பீர்க்கங்கூட்டை வைத்துத் தேய்தேய் என்று தேய்த்தாள். தோலில் மிச்சம் மீதி இருந்த எண்ணெய்ப் பசையையும் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து உரித்து எடுத்தோம். நான் எதிரி இல்லை சேகர், அவளுக்கு நல்லது செய்கிறேன் என்றுதான் செய்தேன். அதைத்தான் உனக்குச் சொல்ல வருகிறேன். நீயும் நல்லது என்றுதான் டெட்டால் வாங்கி வந்து வசந்தா குளிக்கிற தண்ணீரில் ஊற்றினாயாம். அவள்தான் உன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். அப்பன் புத்தி அப்படியே வந்திருக்கிறது.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. பெட்டியில் இன்ன குறை என்று கார்டில் எழுதி அனுப்புவார்கள். நாங்கள் சோதித்துப் பார்ப்போம். குறை கண்ணில் படாவிட்டால், பார்த்தோம், பழுது இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவோம். அத்தோடு விஷயம் முடிந்தது. கட்டினவளையும் அப்படித்தான் முடித்தேன். மூன்றாம் வாரம் அவள் மறுபடியும் ஊருது என்றபோது, "வருஷக்கணக்கா ஆயிரம் பெட்டில பூச்சி பாத்தவன் நான். நான் இல்லேன்னா இல்ல. இனிமே அந்தப் பேச்சு நக்கோ, வேணாம்" என்றேன். அதோடு விட்டேனா? அந்தத் தீபாவளிக்கு நீங்கள் வந்திருந்தீர்கள், அப்பாராவும் சாப்பிட உட்கார்ந்திருந்தார். உன் அம்மா பரிமாறிக்கொண்டே முழங்கையைச் சொறிந்தாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா, "நம்ம வீட்டம்மாவுக்கு யார் கண்ணுக்கும் தெரியாத பூச்சி ஒண்ணு ஊருதுப்பா, சோறு போட்டு வளக்கறா" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நீ சோறு புரையேறுகிற மாதிரி சிரித்தாய். அவளும் சிரித்துக்கொண்டே குழம்பு ஊற்றினாள். உனக்கு இது ஞாபகம்கூட இருக்காது. எனக்கும் மறந்துதான் போயிருந்தது.

அதற்கப்புறம் நாலு வருஷம் அவள் வாயிலிருந்து அந்தச் சொல் வரவில்லை. ஐதராபாத் மே மாத வெயிலில் முழுக்கை ரவிக்கை போட்டுக்கொண்டு திரிந்தாள். படுக்கையைச் சுருட்டிக்கொண்டு போய்ச் சமையலறையில் போட்டுக்கொண்டாள். கேட்டால், இங்கேதான் காற்று வருகிறது என்றாள். அந்தச் சமையலறைக்கு ஜன்னலே கிடையாது. அதைக்கூட யோசிக்காமல், சரி, பூச்சிப் பேச்சு ஒழிந்தது என்று நான் நிம்மதியாகத் தூங்கினேன். என் வாழ்க்கையில் நான் வெட்கப்படுகிற தூக்கம் அதுதான்.

ஒருநாள் கட்டில் கால் முனையில் அவள் முழங்கால் எலும்பு லேசாக இடித்தது. சின்ன இடிதான். தோல் காகிதம் மாதிரி கிழிந்து தொங்கியது. பத்து நாளாகியும் ஆறவில்லை என்றதும் ரயில்வே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே ஒரு தெலுங்கு லேடி டாக்டர். நான் திரைக்கு இந்தப் பக்கம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். காயத்தைப் பார்க்க வந்தவர் கையையும் முதுகையும் பார்த்திருக்கிறார். மாதாந்திரம் நின்று எத்தனை வருஷம் என்று கேட்டார். உன் அம்மா தமிழும் தெலுங்கும் கலந்து ஒன்று ஒன்றாகச் சொன்னாள். காந்தல், அரிப்பு, ஊர்வது, மோவாயில் முளைத்த முடி, முகத்தில் விழுந்த கறுப்பு, எல்லாம். நாலு வருஷப் பேச்சு. நான் அவளோடு குடித்தனம் பண்ணுகிறேன், ஆனால் ஒன்றுகூட எனக்குத் தெரியாது. டாக்டரம்மா நடுவில், "இவ்ளோ நாள் வீட்ல சொல்லல?" என்று கேட்டார். உன் அம்மா, "சொன்னேம்மா. மருந்து அடிச்சாரு" என்றாள்.

வசந்தா ஞாயிற்றுக்கிழமை என்னிடம் பேசின குரல் இருக்கிறதே, அதுதான் அந்தக் குரல்.

டாக்டரம்மா என்னை உள்ளே கூப்பிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை, அதுவே எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஸ்கூல் பையனுக்குச் சொல்கிற மாதிரி நிதானமாகச் சொன்னார். இந்த வயதில் உடம்பில் ஒரு சத்து குறைகிறது, அதோடு தோலில் இருக்கிற எண்ணெயும் ஈரமும் குறைகிறது, தோல் மெலிந்துபோகிறது, சீக்கிரம் கன்றும், கிழியும், மெதுவாக ஆறும் என்றார். சில பேருக்குப் பூச்சி ஊர்கிற மாதிரியே இருக்கும், பூச்சி இல்லை என்பதால் ஊர்வது பொய் ஆகிவிடாது என்றார். அந்த வாக்கியத்தை நான் எத்தனையோ தரம் எனக்குள்ளே சொல்லிப் பார்த்திருக்கிறேன். வெதுவெதுப்பான தண்ணீர் போதும், அதுவும் சட்டென்று குளித்துவிட்டு வர வேண்டும். சோப்பு அக்குள், கவட்டி மாதிரி தேவைப்பட்ட இடத்துக்கு மட்டும், அதுவும் மென்மையானதாக. பீர்க்கங்கூட்டைத் தூக்கி எறி. துண்டால் ஒற்றி எடுத்துவிட்டு, ஈரம் முழுக்கக் காய்வதற்குள் வாசலினோ எண்ணெயோ தடவு. உடம்பில் பருத்திதான் பட வேண்டும். வெயிலில் போனால் குடை. இவ்வளவுதான். செய்தவுடன் மாயமாக மறைந்துவிடும் என்று சொல்லவில்லை. ஆனால் தாங்குகிற அளவுக்கு வரும் என்றார், வந்தது. சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்க ரத்தமும் எடுத்தார். அரிப்பு எல்லாமே இதனால்தான் என்று நாமே முடிவு கட்டிவிடக் கூடாதாம்.

முதுகுக்கு அவள் கை எட்டாது. யார் தடவுவது? நான்தான். முதல் நாள் எண்ணெய்க் கிண்ணத்தோடு போய் நின்றால் அவள் சுவரைப் பார்த்துத் திரும்பி, தோளைக் குறுக்கிக்கொண்டு நிற்கிறாள், ஊசி போடப் போகிறவர்கள் முன்னால் நிற்கிற மாதிரி. அந்தத் தோள் தளர ஆறு மாதம் ஆயிற்று. நடுவில் ஒருநாள், "ஒங்க கை உப்புத்தாள் மாதிரி இருக்கு, நக்கோ, விடுங்க" என்றாள். சீட்டுக்கு ஊசி கோத்துக் கோத்துக் காய்த்த கை, வேறு எப்படி இருக்கும்? அப்புறம் புறங்கையால் தடவப் பழகினேன். ஆம்பிளைப் புறங்கை அவ்வளவு மிருதுவாக இருக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. நீயும் அப்படிச் செய்து பார். உன் பேக்டரிக் கையும் லேசுப்பட்டது இல்லை.

இப்போது வசந்தா விஷயத்துக்கு வருகிறேன். அவள் தன் அம்மா வீட்டுக்குப் போகாமல் இங்கே ஏன் வந்தாள் என்று நீ யோசித்தாயா? வந்த இரண்டாம் நாள் உன் அம்மா காலடியில் உட்கார்ந்துகொண்டு, "அத்தை, அன்னிக்குச் சாப்பிடறப்ப மாமா பூச்சின்னு சொன்னாரே, நானும் சிரிச்சேன். ஒங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டே சிரிச்சேன்" என்று சொல்லி அழுதாளாம். இருபத்திரண்டு வருஷம் கழித்து அதற்கு மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருக்கிறாள். உன் அம்மா, "அப்ப நீ சின்னப் பொண்ணு, ஒனக்கு இன்னா தெரியும், எந்திரி" என்றாளாம். உன் பேக்டரி சிநேகிதர்கள் வந்திருந்தபோது நீ வசந்தா கையைக் காட்டி முதலைத் தோல் என்று சொன்னாயாமே. அதை அவள் உன் மேல் கோபமாகச் சொல்லவில்லை, பேச்சு நடுவில் வாய் தவறி வந்தது. பாடம் எடுக்கிற ஸ்கூலில் சாக்பீஸ் தூள் பட்டுக் கை வெடிக்கிறது, பிள்ளைகள் முன்னால் சொறியக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறாள். முகத்தில் கறுப்பு விழுந்ததற்கு மெடிக்கல் ஷாப்பில் யாரோ சொன்ன ஒரு டியூபை வாங்கி எட்டு மாதமாகப் பூசியிருக்கிறாள். உன் கண்ணில் படாமல் இருக்க.

நேற்று நானும் உன் அம்மாவும் அவளைத் தார்நாகாவில் ஒரு லேடி ஸ்கின் டாக்டரிடம் கூட்டிப் போனோம். உன்னைக் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. அந்த டியூபை உடனே நிறுத்தச் சொன்னார், அது தோலை இன்னும் மெலிய வைக்குமாம். சர்க்கரைக்கும் தைராய்டுக்கும் ரத்தம் எடுத்திருக்கிறார், வெள்ளிக்கிழமை முடிவு வரும். முடிவு எப்படி வந்தாலும் உனக்கு மறைக்கமாட்டேன். மனநோய் டாக்டர் மேல் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. தூக்கம் கெட்டு, மனசு உடைந்து, நாளைக்கு அவளே போக வேண்டும் என்றால் நானே துணைக்குப் போவேன். ஆனால் நீ அவளை அங்கே அழைத்துப் போவது அவளைக் குணமாக்க இல்லை, அவள் சொல்வதைக் கேட்காமல் இருக்க. நான் மருந்தடித்ததும் அதற்குத்தான். அதனால் ஞாயிற்றுக்கிழமை நான் ஆட்டின தலையைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். வியாழக்கிழமை அவள் வரமாட்டாள்.

உன் மேல் கோபத்தில் எழுதவில்லை சேகர். நீ கெட்டவன் இல்லை. உனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, சொல்லித் தர வேண்டிய நான் அந்தப் பந்தியில் சிரிக்கச் சொல்லிக் கொடுத்தேன். உனக்கும் பயமாக இருக்கும், தெரியும். கட்டினவள் கண்முன்னால் மாறுகிறபோது ஆம்பிளைக்கு வருகிற பயம் அசட்டுச் சிரிப்பாகத்தான் வெளியே வரும்.

இதுவரை எழுதினதை உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள். முடிந்ததும், "புள்ளகிட்ட எல்லாம் எழுதிட்டீங்க. எங்கிட்ட ஒருநாளும் சொல்லலியே" என்றாள். பதினெட்டு வருஷமாக எண்ணெய் தடவுகிறேன், அதிலேயே எல்லாம் அடங்கிவிட்டது என்று இருந்திருக்கிறேன். "தப்புப் பண்ணிட்டேன், பார்வதி" என்றேன். பேர் சொல்லிக் கூப்பிட்டு எத்தனை வருஷம் ஆயிற்றோ. அவள், "சரி, கண்ணாடியக் கழட்டுங்க, வெங்காயம் எரியுது பாருங்க" என்று என் முகத்தைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள். அவள் கண்ணும் எரிந்துகொண்டுதான் இருந்தது.

சனிக்கிழமை லீவு போட்டுவிட்டு வா. வந்ததும் என்னிடம் பேச வேண்டாம், நேராக வசந்தாவிடம் போ. எங்கே ஊர்கிறது என்று கேள். அவள் காட்டுகிற இடத்தில் உன் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. தெரியவில்லை என்று எழுந்து வந்துவிடாமல், அவள் சொல்லி முடிக்கிற வரைக்கும் உட்கார்ந்திரு.

உன்,
நைனா